நீர்க் கணக்கில் தொடங்கிய புல்தரை

வீட்டின் முன்புறம் வெறும் மண்ணாகக் கிடந்த 100 சதுர மீட்டர் பரப்பைப் புல்தரையாக்குவது என்று முடிவானதும், எந்தப் புல் என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால், கோடையில் அந்தப் பரப்புக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் ஒதுக்க முடியும் என்று பார்த்தேன். 400 லிட்டருக்கு மேல் வழியில்லை. புல்லின் வகை, பரப்பின் அளவு, நடும் முறை, நட்ட வரிசை ஆகிய எல்லா முடிவுகளும் இந்த ஓர் எண்ணிலிருந்தே பிறந்தன. ஆகவே இந்தப் பதிவையும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 1 லிட்டர். வெப்பமும் வறட்சியும் மிகுந்த கோடை நாளில், மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே வெளியேறுவதும் சேர்ந்த நீரிழப்பின் அடிப்படை அளவு 7 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். நான் 8 என்று வைத்துக்கொண்டேன். வெப்பகாலப் புற்களுக்கு இதில் ஏறத்தாழ 60 விழுக்காடும், குளிர்காலப் புற்களுக்கு 80 விழுக்காடும் போதும் என்பது புல்தரைப் பாசனத்தில் பொதுவாகக் கையாளப்படும் அளவு. அதன்படி வெப்பகாலப் புல்லுக்கு நாளொன்றுக்கு 4.8 மில்லிமீட்டர் தேவை. எந்தத் தெளிப்பானும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் நீர் தருவதில்லை. சீர்மையை 75 விழுக்காடு என்று கொண்டால், கொடுக்க வேண்டியது சதுர மீட்டருக்கு 6.4 லிட்டர் ஆகிறது. 100 சதுர மீட்டருக்கு 640 லிட்டர். 60 சதுர மீட்டருக்கு 384 லிட்டர். எனவே புல்தரை 60 சதுர மீட்டராகச் சுருங்கியது. எஞ்சிய இடத்தில் சரளைக் கற்களைப் பரப்பி, சொட்டுநீரில் வளரும் சில புதர்ச்செடிகளை வைத்தேன். மேற்குச் சுவரை ஒட்டிய, நேரடி வெயில் 4 மணி நேரம்கூட விழாத பகுதியையும் அந்த 40 சதுர மீட்டருக்குள்ளேயே தள்ளிவிட்டதால், நிழலில் புல் வளர்க்கும் தொல்லையும் சேர்ந்தே நீங்கியது. செயற்கைப் புல்லை விரிக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும் என்பதால் அந்த யோசனையைத் தொடரவில்லை.

புல்லைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பிரிவு வெப்பகாலப் புல், குளிர்காலப் புல் என்பதுதான். முதல் வகை 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழித்து வளரும். இரண்டாம் வகைக்கு 15 முதல் 24 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் திணறத் தொடங்கும். வெப்பகாலப் புற்கள் சி4 வகை ஒளிச்சேர்க்கையைக் கொண்டவை. கரிவளியை உள்ளுக்குள் செறிவாக்கிப் பயன்படுத்துவதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே உணவு தயாரிக்க முடிகிறது. அதனால்தான் அதே வெயிலில் அவை குறைந்த நீரை இழக்கின்றன. நெட்டை ஃபெஸ்க்யூ என்ற குளிர்காலப் புல் ஆழமாக வேர்விடக்கூடியது என்பதற்காக அதைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. என் கணக்கில் அதற்குச் சதுர மீட்டருக்கு 8.5 லிட்டர் வேண்டியிருந்ததால் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டேன்.

வெப்பகாலப் புற்களுக்குள்ளும் வேறுபாடு பெரிது. செயின்ட் அகஸ்டின் புல் அகன்ற இலையும் நிழல் தாங்கும் குணமும் உடையது. ஆனால் அதற்கு மண்ணுக்கு மேலே படரும் ஓடுதண்டு மட்டுமே உண்டு, நிலத்தடித் தண்டு கிடையாது. கடும் வறட்சியில் மேல்தண்டு காய்ந்துவிட்டால் மீண்டு எழ அடியில் எதுவும் மிச்சமிருக்காது. சொய்சியா அடர்த்தியும் அழகும் கொண்டது, மிகவும் மெதுவாகப் படர்வது. துண்டுகளாக நட்டால் தரை மூட இரண்டு வளர்பருவங்கள்கூட ஆகலாம், அதுவரை இடைவெளிகளில் களையோடு போராட வேண்டும். வட அமெரிக்கச் சமவெளிகளைச் சேர்ந்த எருமைப்புல் மிகக் குறைந்த நீரில் வாழும். அடிக்கடி நடமாடும் இடத்தில் அது தேய்ந்து போகும். கிக்குயூ எதையும் தாங்கும், எல்லைக்குள் அடங்காது. கடலோரப் பாஸ்பாலம் உப்பைத் தாங்குவதில் எல்லாவற்றுக்கும் முந்தியது. கிணற்று நீர் மிகவும் உவராக இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய புல் அதுவே. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது மின்கடத்துத்திறன். என் நீரில் அது மீட்டருக்கு 1.8 டெசிசீமன்ஸ், அந்த அளவுக்குப் பாஸ்பாலம் அவசியமில்லை.

இறுதியில் தேர்ந்தது அறுகம்புல்லின் இனம். சைனோடான் டாக்டிலான் என்ற இந்தப் புல்தான் பெர்முடா புல் என்ற பெயரில் உலகெங்கும் விளையாட்டுத் திடல்களில் விரிந்து கிடக்கிறது. மேலே ஓடுதண்டும் கீழே நிலத்தடித் தண்டும் சேர்ந்தே இருப்பதால், நீரின்றி இலை முழுதும் காய்ந்தாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மண்ணின் உப்புநிலை 6.9 டெசிசீமன்ஸ் வரை போனாலும் வளர்ச்சி குன்றாது. நாளொன்றுக்கு 7 அல்லது 8 மணி நேரம் முழு வெயில் வேண்டும் என்பதே அதன் ஒரே கண்டிப்பு. என் நிலத்தில் பஞ்சமில்லாத பொருள் அது ஒன்றுதான். சாதாரண வகையை விதையாக விதைக்கலாம். கலப்பின வகைகள் விதை தருவதில்லை: நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட சாதாரண அறுகையும், இரண்டு தொகுதி கொண்ட ஆப்பிரிக்க இனமான சைனோடான் டிரான்ஸ்வாலென்சிசையும் கலக்கும்போது பிறப்பது மூன்று தொகுதி கொண்ட மலட்டுப் புல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வெளியான டிஃப்வே 419 இவ்வகையைச் சேர்ந்தது. இலை மென்மையாகவும் தரை அடர்த்தியாகவும் அமைவதோடு, விதை விழுந்து செடிப் பாத்திகளில் முளைக்காது என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டதால் கலப்பினத்தையே எடுத்தேன். இதைத் தண்டுத் துண்டாகவோ, வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த பத்தையாகவோதான் நட முடியும்.

அடுத்தது மண். ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீருமாக நிரப்பி, சிறிது பாத்திரத் தூள் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்திலும் வண்டல் சில மணி நேரத்திலும் களி ஓரிரு நாளிலும் படியும். என் மண்ணில் பாதிக்கு மேல் மணல், கால் பங்கு களி, மீதி வண்டல். நீர் தாங்கும் திறன் நடுத்தரம். கடப்பாரையால் பல இடங்களில் குத்திப் பார்த்ததில், ஒரு மூலையில் மட்டும் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சுக்கான் அடுக்கு தட்டுப்பட்டது. வறண்ட நிலங்களில் சுண்ணாம்பு கரைந்து வெளியேறும் அளவுக்கு மழை பெய்யாததால் இப்படிப் படிந்து இறுகிவிடும். அதை உடைத்து நீர் இறங்க வழி செய்யாவிட்டால் மேலே எந்தப் புல்லை நட்டாலும் வேர் அந்த இடத்தில் நின்றுவிடும். அந்த மூலையை உடைத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் உடம்பை வருத்திய பகுதி.

ஆய்வகப் பரிசோதனையில் மண்ணின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.1 என்று வந்தது, அதாவது கார மண். இப்படி வந்தால் கந்தகம் போட்டுக் குறைக்கலாம் என்று சொல்வார்கள். மண்ணில் ஒரு கரண்டி வினிகரை ஊற்றினேன், நன்றாக நுரைத்தது. அதாவது தனிச் சுண்ணாம்பு மிகுதி. இத்தகைய மண்ணில் போடும் கந்தகம் எல்லாம் அந்தச் சுண்ணாம்பைக் கரைப்பதிலேயே தீர்ந்துவிடும், பி.எச். அசையாது. ஜிப்சமும் போடவில்லை. சோடியம் மிகுந்து இறுகிய களர் மண்ணுக்கு அது மருந்து. சோடியம் குறைவான மண்ணில் ஜிப்சம் போடுவது கூடுதல் உப்பைச் சேர்ப்பதாகவே முடியும். மட்கிய உரத்தை மட்டும் 3 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, மேல் 15 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்தேன். 60 சதுர மீட்டருக்கு இது 1.8 கன மீட்டர். மணிச்சத்து மண்ணுக்குள் நகராத சத்து என்பதால் அதையும் இந்த உழவிலேயே கலந்துவிட்டேன். சரியாக மட்காத சாணத்தைத் தவிர்த்தேன். அதில் உப்பும் களை விதையும் மிகுதி.

நடுவதற்கு முன்பு களை முளைக்க இடம் கொடுத்து அழிப்பது பின்னால் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். சமப்படுத்திய மண்ணை நனைத்து, களைகள் தலைகாட்டியதும் களைக்கொத்தால் மேலாகச் செதுக்கி, மீண்டும் நனைத்து, மீண்டும் செதுக்கினேன். ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள புதிய விதைகள் மேலே வரும் என்பதால் மேற்பரப்பைத் தவிர எதையும் கிளறவில்லை. கோரை இதற்கெல்லாம் அசையாது. கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒளி ஊடுருவும் பாலிதீன் விரிப்பை உச்சக் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விரித்து மண்ணைச் சூடேற்றும் முறை மற்றக் களை விதைகளைக் கொல்லும். ஆழத்தில் கிடக்கும் கோரைக்கிழங்கை எட்டாது.

நிலத்தைச் சமன்படுத்தும்போது வீட்டிலிருந்து விலகிச் செல்லும்படி மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு வைத்தேன். நடைபாதையின் விளிம்பைவிட மண் 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். புல் அடர்ந்தபின் அந்த உயரத்துக்கு வந்துவிடும். பரம்படித்து, உருளையால் லேசாக உருட்டி, நடந்தால் பாதம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்காத பதத்தில் நிறுத்தினேன்.

தெளிப்பான் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு திறந்த குழாய்த் துண்டை மண்ணில் அடித்து, அதில் நீர் ஊற்றி அளந்ததில், என் மண் மணிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சியது. நிலையாக விசிறியடிக்கும் சாதாரணத் தெளிப்பான்கள் மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவில் பொழியும். அப்படிப் பொழிந்தால் மூன்றில் இரண்டு பங்கு நீர் சரிவில் ஓடிவிடும். ஆகவே மெல்லிய தாரைகளாகச் சுழன்று, மணிக்கு 12 மில்லிமீட்டர் அளவில் தரும் வகையைப் பொருத்தினேன். ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை எட்டும்படி இடைவெளி அமைய வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் நடுவில் காய்ந்த திட்டுகள் தோன்றும். குழாய்களைப் புதைத்த பின், ஒரே அளவுள்ள தகர டப்பாக்களைத் தரை முழுவதும் வைத்து, காற்றில்லாத விடியற்காலையில் ஓடவிட்டு அளந்தேன். மிகக் குறைவாக நிரம்பிய கால் பங்கு டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் கிடைப்பதே சீர்மை. முதல் அளவீட்டில் 0.62 வந்தது. சாய்ந்திருந்த ஒரு தெளிப்பானை நிமிர்த்தி, மூலைக்கு வேறு முனை மாற்றி, அழுத்தத்தைக் குறைத்த பிறகு 0.76 ஆனது. தொடக்கக் கணக்கில் எடுத்துக்கொண்ட 75 விழுக்காட்டை இப்போதுதான் நம்ப முடிந்தது.

நடும் காலத்தைப் பொறுத்தவரை, மண்ணின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி, கோடையின் உச்சம் இன்னும் வராத இடைவெளியே சிறந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. புதிதாக நட்ட தண்டுத் துண்டுகளுக்கு மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட காற்றில் அதற்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் வரை, அதாவது 60 சதுர மீட்டருக்கு 600 லிட்டர் ஆகும். என் கையில் இருப்பதோ 400. ஆகவே தரையை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதி வேர்பிடித்து நீர்த்தேவை குறைந்த பின்னரே இரண்டாம் பாதியை நட்டேன். சில வாரங்கள் அரைத் தரை பச்சையாகவும் அரைத் தரை மண்ணாகவும் இருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் ஒரு துண்டும் தாகத்தில் சாகவில்லை.

வாசலுக்கு அருகில் நடமாட்டம் மிகுந்த 12 சதுர மீட்டருக்கு மட்டும் பத்தைகளைப் பதித்தேன். செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, ஓரங்களை நெருக்கி, பதித்த அரை மணி நேரத்துக்குள் அடிமண் நனையும் வரை நீர் விட்டேன். மற்ற இடங்களில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிய சால்களில், முக்கால் பங்கு மண்ணுக்குள்ளும் இலைநுனி வெளியிலுமாகப் பதித்து மிதித்துவிட்டேன். துண்டுகள் ஈரச் சாக்கிலிருந்து வெளியே வந்து வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவற்றின் உயிரைக் குறைக்கும். ஆகவே முழுப் பரப்பையும் நட்டு முடித்துவிட்டு நீர் விடலாம் என்று காத்திருக்காமல், நான்கைந்து சால் முடிந்ததும் கைக்குழாயால் நனைத்துக்கொண்டே போனேன். மண்ணும் முந்தைய நாளே நனைக்கப்பட்டிருந்தது.

முதல் பத்து நாள் அளவில், விடிகாலை தொடங்கிப் பிற்பகல் வரை நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் நீர். புதிய வெள்ளை வேர்கள் தோன்றி, துண்டை மெல்ல இழுத்தால் மண் எதிர்க்கத் தொடங்கியதும், நாளுக்கு இரண்டு, பிறகு ஒன்று என்று குறைத்தேன். புதிய தரைகள் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டாததால்தான்: பச்சை தெரிந்த பின்னும் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால், வேர் மேல் ஐந்து சென்டிமீட்டரிலேயே தங்கி, ஒரு நாள் நீர் தவறினாலும் வாடும். எப்போது எவ்வளவு குறைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. என் மண் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீரைப் புல்லுக்குப் பயன்படும்படி பிடித்து வைக்கும். அதில் பாதி தீர்ந்ததும் நீர் விடுவது என்று வைத்தால் 10 மில்லிமீட்டர், நாளுக்கு 4.8 என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை. வேர் 30 சென்டிமீட்டருக்கு இறங்கினால் அதே கணக்கு நான்கு நாளாகும். நீண்ட திருப்புளியை மண்ணில் அழுத்திப் பார்த்து ஈரம் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்று அறிந்து, இடைவெளியை ஒவ்வொரு நாளாக நீட்டினேன். நடந்த பாதச்சுவடு நிமிராமல் நிற்பதும், பச்சை நிறம் மங்கிச் சாம்பல் நீலமாவதும் தாகத்தின் முதல் அடையாளங்கள். அவை தெரிந்தபின் விட்டாலும் அறுகு தாங்கும்.

நான்கு நாளைக்கு ஒருமுறை என்றானதும் ஒரே வேளையில் 1,500 லிட்டருக்கு மேல் தேவைப்பட்டது. அன்றாடம் வரும் நீரைச் சேர்த்துவைக்க 2,000 லிட்டர் தொட்டி ஒன்று இதனால்தான் வந்தது. விடியற்காலையில் 45 நிமிடம் ஓடி, ஒரு மணி நேரம் நின்று, மீண்டும் 45 நிமிடம் என்று மூன்று தவணையாக நீர் இறங்குகிறது. சரிவின் அடியில் இதுவரை தேங்கியதில்லை.

உவர்நீரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடிக்கடி சிறிதளவு தெளிக்கும் தொடக்க வாரங்களில் நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். சால்களின் மேட்டில் வெண்மையான படிவு தெரிந்ததும், ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாக நீர் விட்டு அதைக் கீழே இறக்கினேன். நிலைத்த தரைக்கு என் நீரின் உப்பளவில் ஆறு விழுக்காடு அளவு கூடுதல் நீர் வேர்மண்டலத்தைத் தாண்டிப் போனால் போதும். தெளிப்பானின் சீரின்மைக்காகச் சேர்த்த நீரே பெரும்பாலான இடங்களில் அந்த வேலையையும் செய்துவிடுகிறது.

நட்டு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து முதல் தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 5 கிராம் என்பது அளவு. கார மண் என்பதால் யூரியாவுக்குப் பதில் 21 விழுக்காடு தழைச்சத்துள்ள அம்மோனியம் சல்பேட்டைச் சதுர மீட்டருக்கு 24 கிராம் வீதம் எடுத்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவி, உடனே நீர் விட்டேன். உயரம் 3.5 சென்டிமீட்டரைத் தாண்டியபோது முதல் வெட்டு, 2.5 சென்டிமீட்டருக்கு. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் அடிக்கடி வெட்ட வேண்டியிருந்தது. அடிக்கடி வெட்டியதால்தான் புல் மேல்நோக்கி வளர்வதை விட்டுப் பக்கவாட்டில் ஓடித் தரையை மூடியது. உச்சக் கோடையில் வெட்டும் உயரத்தை 3.5 சென்டிமீட்டராக ஏற்றி, மண்ணுக்குக் கொஞ்சம் நிழல் கொடுத்தேன். வெட்டிய துணுக்குகளை அள்ளவில்லை.

பத்தை பதித்த இடத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் வெளுப்பது பழைய இலை. இளம் இலையில் இப்படித் தோன்றினால் அது இரும்புக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. ஃபெரஸ் சல்பேட் கரைசலை மாலையில் இலைமேல் தெளித்ததும் சில நாளில் பச்சை திரும்பியது. கரைசல் சிமென்ட் தளத்தில் பட்டால் துருக்கறை போகாது என்பதால் ஓரங்களை மூடிவிட்டுத் தெளிக்க வேண்டும்.

குளிர் காலத்தில் மண் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தப் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறி உறங்கும். அப்போது மேலே ரை புல்லை விதைத்துப் பச்சையாக வைத்திருப்பது சிலரின் வழக்கம். அது ஓய்ந்திருக்க வேண்டிய காலத்திலும் நீர் கேட்கும், வெயில் திரும்பும்போது அறுகின் துளிர்ப்பையும் தாமதப்படுத்தும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. இனி மிச்சமிருப்பது விளிம்பு வேலை. நிலத்தடித் தண்டுகள் சரளைப் பகுதிக்குள் நுழையத் தொடங்கியிருப்பதால், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தகடு இறக்கும் பணி தரையின் கிழக்குப் பக்கத்தில் முடிந்து, இப்போது புதர்ச்செடிகளின் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.